லேப் சர்வர் ஸ்டக் ஆகுதுன்னு புது மெஷின் கேக்குறதுக்கு முன்னாடி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல வாசகர் கடிதத்துல நம்ம மாவட்டத்து காலேஜ் லேப்கள பத்தி ஒரு பெற்றோர் எழுதியிருந்தாங்க, பிள்ளைங்க பிராக்டிகல் நேரத்துல சர்வர் ஸ்டக் ஆகுது, நிர்வாகம் புது சர்வர் வாங்க மாட்டேங்குதுன்னு. அவங்க கோவம் நியாயம்தான். ஆனா புது சர்வர் வாங்கினா சரியாயிடும்னு எழுதியிருக்காங்க பாருங்க, அங்கதான் எனக்கு ஒத்துக்க முடியல. நான் தக்கலை பக்கத்துல ஒரு காலேஜ்ல லேப் சிஸ்டம் அட்மினா இருக்கேன், இந்த விஷயம் எனக்கு தெனப்படி சோறு, அதனால கொஞ்சம் விரிவாவே எழுதுறேன், இடம் பத்தலேன்னா வெட்டிக்கோங்க.

எங்க லேப்ல இருக்குறது ஒரே ஒரு சர்வர். ரெண்டு பிராசசர், ஒவ்வொண்ணுலயும் 8 கோர், மொத்தம் 16 கோர் (கோர்னா பிராசசருக்குள்ள தனியா ஒரு வேலைய ஓட்டுற பகுதி), 64 ஜிபி ரேம். பிள்ளைங்க 30 பேரு பழைய டெஸ்க்டாப்ல இருந்து அதுக்குள்ள லாகின் பண்ணித்தான் சி, ஜாவா, பைத்தான் எல்லாம் ஓட்டுவாங்க, டேட்டாபேஸும் அதுலதான் ஓடுது. இப்ப பைனல் இயர் பய ஒருத்தன் பிராஜெக்ட்டுக்கு ஏதோ மாடல் ட்ரெயின் பண்றேன்னு பைத்தான்ல ஒண்ண ஓட்டி விட்டுட்டு டீ குடிக்க போயிருவான், அது 16 கோரையும் பிடிச்சுக்கிடும், மிச்ச 29 பேரும் கீபோர்ட தட்டிட்டு ஸ்க்ரீன பாத்துட்டு இருப்பாங்க, "சாரே ஹேங்க் ஆயிட்டு"ன்னு நாலு மூலையில இருந்தும் சத்தம் வரும். இந்த இடத்துல 16 கோர 32 கோர் ஆக்கினா என்ன ஆவும்? அந்த ப்ரோக்ராம் 32 த்ரெட் (ஒரே நேரத்துல ஓடுற வேலைத் துண்டு) போட்டு 32 கோரையும் பிடிக்கும், அவ்வளவுதான். அதுக்கு எவ்வளவு குடுத்தாலும் வாங்கிக்கிடும், ஏன்னா எவ்வளவு கோர் இருக்குன்னு மெஷின்கிட்ட கேட்டு அத்தன த்ரெட் போடுற மாதிரிதான் அத எழுதியே வச்சிருக்காங்க.

வேண்டியது பங்கு வைக்கிறது. யாருக்கு எத்தன கோர், எவ்வளவு மெமரின்னு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துகிட்டயே சொல்லி வைக்கணும், அதுக்கான வசதி லினக்ஸ்ல சும்மா கெடக்கு, ஒத்த ரூபா செலவு இல்ல.

இது புதுசா வந்த சமாச்சாரமும் இல்ல. ஐபிஎம் 1988லயே மெயின்பிரேம்ங்கிற பெரிய கம்ப்யூட்டர் ஒண்ண துண்டு துண்டா பிரிச்சு தனித்தனி மெஷின் போல ஓட விட்டுட்டாங்க. சன் கம்பெனியோட சோலாரிஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்துல பிராசசர்கள குழுவா பிரிக்கிற வசதி 1997ல வந்துட்டு, 2002ல சோலாரிஸ் 9ல அதையே பூல்னு பேரு வச்சு இன்னும் ஒழுங்கு பண்ணினாங்க. லினக்ஸ்ல சிபியுசெட்னு இந்த வசதி உள்ள வந்தது 2005ல, 2.6.12 கெர்னல்ல (கெர்னல்னா லினக்ஸோட உள் மையம்), பிரான்ஸ் நாட்டு புல் கம்பெனியும் அமெரிக்காவுல பெரிய கம்ப்யூட்டர் செய்ற எஸ்ஜிஐ கம்பெனியும் சேர்ந்து செஞ்சது. எஸ்ஜிஐக்கு இது ஏன் அவசரமா தேவப்பட்டுதுன்னா அவங்க 512 பிராசசர ஒரே லினக்ஸுக்கு கீழ ஓட்டுற ஆல்டிக்ஸ் மெஷின் வித்துட்டு இருந்தாங்க, அவ்வளவு பெரிய மெஷின்ல யாரு வேலை எங்க ஓடுதுன்னு பிரிச்சு வைக்காட்டி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழும். நாசா ஏம்ஸ் சென்டருக்கு போன முதல் 512 பிராசசர் ஆல்டிக்ஸுக்கு வச்ச பேரு என்ன தெரியுமா, கல்பனா. நம்ம கல்பனா சாவ்லா ஞாபகமா வச்சது. பிறகு 2004ல அந்த மாதிரி 20 மெஷின சேர்த்து கொலம்பியான்னு சூப்பர் கம்ப்யூட்டர் ஆக்கினாங்க. இத கிளாஸ்ல சொன்னா பிள்ளைங்க நிமிந்து உக்காருவாங்க, அதுக்காகவே சொல்லுவேன்.

அதுக்கு பிறகு 2006ல கூகுள் ஆளுங்க பால் மெனேஜும் ரோகித் சேத்தும் ஆரம்பிச்ச வேலைதான் சிகுரூப்ஸ் (ப்ரோக்ராம்கள குரூப்பா பிரிச்சு ஒவ்வொண்ணுக்கும் அளவு வைக்கிற வசதி), 2008 ஜனவரியில 2.6.24 கெர்னல்ல சேர்ந்துச்சு. அதுல மெமரிய கட்டுப்படுத்துற பகுதி அடுத்த கெர்னல்ல வந்தது, அத எழுதினதுல முக்கியமான ஆளு ஐபிஎம் இந்தியாவுல வேலை பாத்த பல்பீர் சிங். இன்னிக்கு ப்ரோக்ராம்கள தனித்தனி பெட்டியா ஓட்டுற டாக்கர், குபர்னெட்டிஸ்னு பேசுறதெல்லாம் இந்த சிகுரூப்ஸ் மேல ஏறி நிக்குறதுதான். ஏன், உங்க கையில இருக்குற ஆண்ட்ராய்டு போன்லயும் இது ஓடுது, நீங்க பாத்துட்டு இருக்குற ஆப்புக்கு பெரிய கோர்களும் கெடைக்கும், பின்னால ஓடுற ஆப்ப சின்ன கோர்கள்ல மட்டும் விடும், அதுவும் சிபியுசெட் வேலைதான்.

சரி, லேப்புக்கு வாறேன். சிபியுவ, அதாவது பிராசசர் நேரத்த, பங்கு வைக்க வெயிட், கோட்டா, சிபியுசெட்னு மூணு வழி இருக்கு, அத பிரிச்சு தெரிஞ்சுக்கிடாம போனா பிரச்சனைதான். நம்ம ஊருக்காரங்களுக்கு பேச்சிப்பாறை தண்ணிய வச்சு சொன்னா சட்டுன்னு பிடிபடும். அணை நெறஞ்சு கெடக்கும்போது சானல்ல யாரும் முறை கேக்குறதில்ல, அவனவன் வேணுங்கிறத எடுத்துக்கிடுவான், தண்ணி கொறயும்போதுதான் கன்னிப்பூ சாகுபடிக்கு கடைவரம்பு வரைக்கும் வரலேன்னு சத்தம் வரும், அப்ப முறை வச்சு விடுவாங்க. வெயிட்ங்கிறது அதுதான், நெருக்கடி வந்தா மட்டும் வேலை செய்யும், மெஷின் சும்மா இருந்தா எவன் வேணும்னாலும் முழுசா எடுத்துக்கலாம். கோட்டாங்கிறது ஷட்டர இவ்வளவுதான்னு தொறந்து வெல்டு வச்ச கதை, மழை பெஞ்சு தண்ணி வீணா கடலுக்கு போனாலும் உனக்கு அவ்வளவுதான். சிபியுசெட்ங்கிறது ஒரு சானலயே ஒருத்தர் பேருக்கு எழுதி குடுக்குறது, அவரு வயல்ல நடவே இல்லேன்னாலும் அடுத்தவன் தொட முடியாது.

என்னோட அபிப்பிராயம், காலேஜ் லேப் மாதிரி இடத்துக்கு வெயிட் போதும், முக்கால்வாசி பிரச்சனை அதுலயே தீரும். நாங்க டேட்டாபேஸ் ஓடுற பக்கத்துக்கு வெயிட் 300, பிள்ளைங்க எல்லாரும் சேர்ந்த பக்கத்துக்கு 100ன்னு வச்சிருக்கோம் (எதுவும் மாத்தாம விட்டா ரெண்டும் 100தான்). அப்ப ரெண்டு பக்கமும் முழு மூச்சா கேட்டா டேட்டாபேஸ் பக்கத்துக்கு 12 கோர் அளவு, பிள்ளைங்களுக்கு 4 கோர் அளவு. டேட்டாபேஸ் சும்மா இருந்தா 16ம் பிள்ளைங்களுக்கே. பிள்ளைங்களுக்குள்ளயும் ஒவ்வொருத்தருக்கும் தனி பங்கு உண்டு, இதுக்கு நாம தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம், லினக்ஸ்ல சர்வீஸ்கள தொடங்கி நடத்துற சிஸ்டம்டி, லாகின் பண்ற ஒவ்வொரு யூசருக்கும் தானாவே ஒரு ஸ்லைஸ் (தனி குரூப்) உண்டாக்கிடும், அந்த ஸ்லைஸ்களுக்கு இடையில சிபியு பங்க ஆன் பண்ணி விட்டா போதும். அதனால 40 த்ரெட் போட்டவனும் ஒத்த ப்ரோக்ராம் கம்பைல் பண்றவளும் ஸ்லைஸ் கணக்குல சமம். பழைய காலத்துல நைஸ் வேல்யூன்னு முன்னுரிமை நம்பர் ஒண்ண வச்சு சமாளிப்போம், அதுல என்ன கோளாறுன்னா கணக்கு ப்ராசஸ் (ஓடிட்டு இருக்குற ப்ரோக்ராம்) வாரியா போகும், 200 ப்ராசஸ் போட்டவனுக்கு 200 பங்கு, ஒண்ணு போட்டவனுக்கு ஒரு பங்கு, எவன் அதிகமா அடாவடி பண்றானோ அவனுக்கு அதிகம்.

கோட்டா போடும்போது ஒரு கணக்கு தெரிஞ்சிருக்கணும், இத நெறய பேரு கவனிக்கிறதில்ல. லினக்ஸ் கோட்டாவ 100 மில்லிசெகண்ட் 100 மில்லிசெகண்டா பிரிச்சு பாக்கும். ஒருத்தனுக்கு 2 கோர் அளவு கோட்டான்னா ஒவ்வொரு 100 மில்லிசெகண்டுக்கும் 200 மில்லிசெகண்ட் சிபியு நேரம் குடுத்திருக்கோம்னு அர்த்தம். அவன் ப்ரோக்ராம் 8 த்ரெட் போட்டு 8 கோர்ல ஒரே நேரத்துல ஓடினா அந்த 200ம் 25 மில்லிசெகண்ட்ல காலி, மிச்ச 75 மில்லிசெகண்டும் எல்லா த்ரெட்டும் கைய கட்டிட்டு நிக்கும், பிறகு அடுத்த ரவுண்ட். வெளிய இருந்து பாத்தா சராசரியா 2 கோர் சரியா வருது, ஆனா வெப் சர்வர் மாதிரி ஒண்ணு அதுல ஓடினா திடீர் திடீர்னு விக்கிக்கிட்டே இருக்கும், மெஷின்ல பாதி சிபியு சும்மா கெடக்கும்போதே விக்கும். அந்த நேரத்துல "சர்வர் பத்தல"ன்னு ஒரு கொட்டேஷன் எழுதி அனுப்பினா பாவம் நிர்வாகம் என்ன பண்ணும். அந்த குரூப்போட சிபியு ஸ்டாட் பைல்ல எத்தன தடவ நிறுத்தி வச்சோம்ங்கிற எண்ணிக்கை இருக்கு, அது ஏறிட்டே போகுதுன்னா கோட்டாதான் குற்றவாளி.

இதுல இன்னொரு கூத்து, கோட்டா போட்டிருக்குறது ப்ரோக்ராமுக்கு தெரியாது. சிபியுசெட் போட்டு 4 கோர் மட்டும் குடுத்தா, எத்தன கோர்னு காட்டுற என்-ப்ராக் கமாண்ட் 4ன்னு சரியா சொல்லும், கோட்டால 4 கோர் அளவு குடுத்தா அதே கமாண்ட் 16ன்னுதான் பொதுவா காட்டும். மெமரி அளவு காட்டுற ப்ரீ கமாண்ட் அடிச்சா மொத்த 64 ஜிபியையும் காட்டும், உன் பங்கு 3 ஜிபின்னு காட்டாது. பழைய ஜாவா இதுல மாட்டிக்கிட்டு ரொம்ப கஷ்டப்பட்டுச்சு, மெஷின்ல எவ்வளவு இருக்கோ அத பாத்து ஹீப் (தன் டேட்டாவுக்கான மெமரி) வச்சுக்கிட்டு லிமிட்ட தாண்டி செத்துப்போகும், 2018ல ஜாவா 10 வந்தபிறகுதான் லிமிட்ட பாத்து நடக்க கத்துக்கிட்டது, ஜாவா 8க்கும் பின்னாடி ஒரு அப்டேட்ல குடுத்தாங்க. லேப்ல இன்னும் பழைய ஜாவா 8 வச்சிருக்கவங்க அத மட்டுமாவது அப்டேட் பண்ணுங்க.

மெமரிதான் பெரிய விஷயம். சிபியுவ குடுத்துட்டு அடுத்த மில்லிசெகண்ட்ல திருப்பி வாங்கிக்கலாம், ப்ரோக்ராம் கொஞ்சம் மெதுவா ஓடும், வேற ஒண்ணும் ஆகாது. மெமரி அப்படி இல்ல, ஒருத்தன் எழுதி வச்ச டேட்டாவ அவன்கிட்ட இருந்து பிடுங்கணும்னா ஒண்ணு டிஸ்க்குக்கு தள்ளணும், இல்ல அவன கொல்லணும். பங்கு எதுவும் வைக்காத மெஷின்ல மெமரி தீந்தா கெர்னல் யாரு பெரிய ஆளுன்னு பாத்து கொல்லும், பெரிய ஆளு யாருன்னா பெரும்பாலும் டேட்டாபேஸ். தப்பு பண்ணினது ஒரு பையனோட முடிவில்லாத லூப், செத்தது 30 பேரோட டேட்டாபேஸ். பிராக்டிகல் எக்ஸாம் அன்னிக்கு இது நடந்தா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. குரூப்புக்கு குரூப் உச்ச வரம்பு வச்சிருந்தா சாவு அந்த குரூப்புக்குள்ளயே நடக்கும், அந்த பையன் டெர்மினல்ல "கில்ட்"னு ஒரே ஒரு வார்த்தை வரும், அவன் என்கிட்ட வந்து "சாரே என்ன சாரே தானா செத்துட்டு"ன்னு கேப்பான், மத்தவனுக்கு நடந்ததே தெரியாது.

இப்ப எவ்வளவு குடுக்குறதுங்கிறது. 64 ஜிபிய 30 பேருக்கு சமமா பிரிச்சா ஆளுக்கு 2 ஜிபி கிட்ட வரும், டேட்டாபேஸுக்கும் சிஸ்டத்துக்கும் ஒண்ணும் மிஞ்சாது. டேட்டாபேஸுக்கு ஒதுக்கிட்டு மிச்சத்த பிரிச்சா ஆளுக்கு ஒன்றரை ஜிபி, அதுல பிராஜெக்ட் ஒண்ணும் ஓடாது, அதே நேரம் பாதி பிள்ளைங்க 200 எம்பி கூட தொடாம உக்காந்திருப்பாங்க. சமமா பிரிக்கிறது பாக்க நியாயமா தெரியும், மெஷினுக்கு அது நஷ்டம். அதனால நாங்க ஆளுக்கு 3 ஜிபி உச்ச வரம்பு வச்சோம், கூட்டிப் பாத்தா 90 ஜிபி, மெஷின்ல இருக்குறது 64தான், தெரிஞ்சேதான் வச்சோம், எல்லாரும் ஒரே நேரத்துல 3 ஜிபி எடுக்க மாட்டாங்கன்னு. ஒருவேளை எடுத்தா? அதுக்காக பிள்ளைங்க பக்கம் மொத்தத்துக்கும் சேர்த்து 44 ஜிபின்னு மேல ஒரு வரம்பு, டேட்டாபேஸுக்கு 12 ஜிபி குறைஞ்சபட்ச பாதுகாப்பு. இந்த குறைஞ்சபட்சத்துல ஒரு நுணுக்கம் இருக்கு, டேட்டாபேஸ் சர்வீஸுக்கு மட்டும் போட்டா பத்தாது, அதுக்கு மேல இருக்குற ஸ்லைஸுக்கும் அதே அளவு போடணும், மேல இல்லேன்னா கீழ போட்டது செல்லாது. போட்டும் வேலை செய்யலேன்னு புலம்புறவங்க முதல்ல இத பாருங்க.

உச்ச வரம்ப தொடுறதுக்கு கொஞ்சம் முன்னாடி ஹைன்னு இன்னொரு கோடு வைக்கலாம், அத தாண்டினா கொல்லாது, ப்ரோக்ராம மெதுவாக்கி மெமரிய திரும்ப வாங்க பாக்கும். நாங்க இரண்டரை ஜிபில வச்சிருக்கோம். ஸ்வாப் (மெமரில இருக்குறத டிஸ்க்குக்கு தள்ளுறது) விஷயமும் மறக்கக்கூடாது, வரம்ப தொட்டதும் கெர்னல் அந்த பையனோட டேட்டாவ டிஸ்க்குக்கு தள்ள ஆரம்பிச்சா டிஸ்க் எல்லாருக்கும் பொதுவானது, எல்லாரும் இழுபடுவாங்க, அதனால பிள்ளைங்க ஸ்லைஸுக்கு ஸ்வாப் பூஜ்யம்னு போட்டுட்டோம். அப்புறம் ஒண்ணு, பைல் படிக்கும்போது கெர்னல் மெமரில வச்சுக்கிற நகலும் (கேஷ்) அந்த குரூப் கணக்குலதான் ஏறும், அத பாத்துட்டு "இவன் ப்ரோக்ராம் 2 ஜிபி தின்னுது"ன்னு பையன திட்டிராதீங்க, அந்த கேஷ தேவப்படும்போது கெர்னல் தானா விட்டுரும்.

முதல் வருஷ பிள்ளைங்களுக்கு, ஒரு ப்ராசஸ் தன்ன மாதிரியே இன்னொண்ண உண்டாக்குற போர்க் சிஸ்டம் கால் சொல்லிக் குடுக்குற வாரம்னு ஒண்ணு உண்டு, லேப் வேலை பாக்குறவங்களுக்கு அது தெரியும். லூப்புக்குள்ள போர்க்க போட்டுருவாங்க, நொடியில ஆயிரக்கணக்குல ப்ராசஸ் பெருகி மெஷின பவர் ஆப் பண்ற நெலமை வரும். 2015ல வந்த 4.3 கெர்னல்ல இருந்து ப்ராசஸ் எண்ணிக்கைக்கும் வரம்பு வைக்கலாம். ஆளுக்கு 200ன்னு வச்சா ஜாவா கூட ஓடும், லூப் போட்டவன் மட்டும் முட்டிக்கிட்டு நிப்பான். ஒரே ஒரு வரி.

இதெல்லாம் போட்டா எல்லாம் தீந்துடுமான்னா இல்ல. கோரையும் மெமரியையும் பிரிச்சாலும் பிராசசருக்குள்ள இருக்குற எல்3 கேஷும் (வேகமான சின்ன மெமரி) மெமரிக்கு போற வழியும் பொதுவாத்தான் இருக்கும், ஒருத்தன் பெரிய பெரிய டேட்டாவ வாரி இறைச்சுட்டு இருந்தா பக்கத்து கோர்ல ஓடுறவனுக்கு அடி விழும், அத பிரிக்க இன்டெல்லோட சில சர்வர் சிப்புகள்ல தனி வசதி இருக்கு, எல்லா மெஷின்லயும் கெடையாது. எங்க மெஷின் மாதிரி ரெண்டு பிராசசர் இருந்தா ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல அதுக்குன்னு மெமரி இருக்கும், கோர ஒரு பக்கமும் மெமரிய மறு பக்கமும் குடுத்து வச்சா ஒவ்வொரு தடவையும் தாண்டிப் போய் எடுக்கணும், மெதுவாகும். சிபியுசெட்ல கோர் நம்பரோட மெமரி நோடு (எந்த பக்கத்து மெமரி) நம்பரும் போடச் சொல்றது அதனாலதான். ஹைப்பர்த்ரெட்டிங் (ஒரு கோர ரெண்டா காட்டுற வசதி) ஆன்ல இருந்தா 0, 1ன்னு நம்பர பாத்து பிரிச்சு குடுக்காதீங்க, ஒரே கோரோட ரெண்டு பாதி எந்தெந்த நம்பர்னு பாத்துட்டு குடுங்க. இவ்வளவு பாக்கணும்ங்கிறதாலதான் சிபியுசெட்ட கடைசியா எடுங்கன்னு சொல்லுகேன், நாங்க அத டேட்டாபேஸுக்கு கூட போடல.

என் பெரிய ஆதங்கம் வேற. ஆப்பரேட்டிங் சிஸ்டம் பேப்பர்ல ரவுண்ட் ராபின் கணக்கு போட வைக்கிறோம், பேங்கர்ஸ் அல்காரிதம் டேபிள் போட வைக்கிறோம், பேஜ் ரீப்ளேஸ்மென்ட்ல மூணு பிரேமா நாலு பிரேமான்னு கட்டம் வரைய வைக்கிறோம், நான் அத வேண்டாம்னு சொல்லல, அடிப்படை அதுதான். ஆனா அதே பிள்ளைங்க படிச்சு முடிச்சு நாகர்கோவில்ல ட்ரெயின் ஏறி கழக்கூட்டத்துல இறங்கி டெக்னோபார்க்ல இன்டர்வியூவுக்கு போய் உக்காந்தா அங்க கேக்குறது குபர்னெட்டிஸ்ல ரெக்வெஸ்ட்டுக்கும் லிமிட்டுக்கும் என்ன வித்தியாசம், பாட் (குபர்னெட்டிஸ் ஓட்டுற பெட்டித் தொகுப்பு) ஏன் மெமரி தாண்டி செத்துச்சுன்னு. ரெக்வெஸ்ட்ல போடுற சிபியு வெயிட்டா மாறும், லிமிட்ல போடுறது கோட்டாவும் மெமரி உச்ச வரம்புமா மாறும், அவ்வளவுதான் விஷயம். இத அவங்க தெனமும் உக்காந்து வேலை பாக்குற லேப் சர்வர்லயே காட்டிக் குடுக்கலாம், கிளவுடுக்கு காசு கட்ட வேண்டாம். நான் ரெண்டு டெர்மினல் தொறந்து ஒண்ணுக்கு வெயிட் 100, இன்னொண்ணுக்கு 300 வச்சு, ரெண்டையும் ஒரே கோர்ல கட்டி வெட்டி லூப் ஓட விட்டு டாப் கமாண்ட்ல காட்டுவேன், 25, 75 சதவீதம்னு நிக்கும். கட்டம் வரைஞ்சு சொன்னப்ப புரியாத பிள்ளைக்கும் அது புரிஞ்சிருக்கு. மாவட்டத்துல இருக்குற மத்த காலேஜ் லேப் ஆளுங்க யாராவது இத படிச்சா, உபுண்டு 22.04 இல்ல அதுக்கு மேல இருந்தா சிகுரூப்ஸ் ரெண்டாம் வெர்ஷன் ஏற்கனவே ஆன்லதான் இருக்கு, சின்ன பைல்ல நாலு வரி எழுதினா போதும்.

கடிதம் எழுதின அந்த பெற்றோருக்கு ஒரு வார்த்தை. புது சர்வர் வாங்கவே கூடாதுன்னு நான் சொல்லல. உண்மையிலேயே பத்தாம போற மெஷினும் உண்டு. 2018 கடைசியில வந்த 4.20 கெர்னல்ல இருந்து கெர்னல் தன் நிலவரத்த காட்டுற ப்ராக் பைல்களுக்குள்ள ப்ரஷர்னு ஒரு போல்டர் இருக்கு, சிபியு, மெமரி, டிஸ்க் மூணுக்கும் தனித்தனி பைல், கடைசி 10 செகண்ட், 60 செகண்ட், 300 செகண்ட்ல வேலை எத்தன சதவீதம் நேரம் இது இல்லாம தடப்பட்டு நின்னுச்சுன்னு எழுதியிருக்கும் (சில லினக்ஸ்ல பூட் ஆகும்போது இத ஆன் பண்ணி விடணும்). பங்கு ஒழுங்கா வச்ச பிறகு பிராக்டிகல் நேரத்துல அந்த மெமரி பைல்ல 300 செகண்ட் சதவீதம் உசரத்துலயே எறங்காம நின்னா ரேம் பத்தலன்னு அர்த்தம், அந்த பேப்பர பிரின்ட் எடுத்து பெற்றோர் கூட்டத்துல வச்சு கேளுங்க, லேப் ஆளுங்களும் உங்க பக்கம்தான் நிப்போம்.

இப்படிக்கு,
ஒரு லேப் சிஸ்டம் அட்மின்,
தக்கலை, கன்னியாகுமரி மாவட்டம்